குரல் மட்டும் மெலியவில்லை

1983 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டப் பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மரணக் காரணம் என்ற இடத்தில் இருந்ததன் சாரம் இது: எமெட்டீன் என்ற பொருளால் இதயத்தில் நச்சுப் பாதிப்பு, அதற்கு அடிப்படை அனோரெக்சியா நெர்வோசா, அதாவது மெலிய வேண்டும் என்று தன்னைத்தானே பட்டினி போட்டுக்கொள்ளும் நோய். இறந்தவருக்கு வயது 32. பெயர் கேரன் கார்ப்பென்டர், அமெரிக்கப் பாப் பாடகி.

அந்த வரியில் இருந்த இரண்டு மருத்துவச் சொற்களையும் செய்தி படித்தவர்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். கேரனின் குரல் அப்படி இல்லை. 70-களில் வானொலி வைத்திருந்த யாரும் அந்தக் குரலிலிருந்து தப்பித்திருக்க முடியாது. கல்யாண வீட்டில், கிறிஸ்துமஸில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் என்று எங்கும் அதுதான் ஒலித்தது.

அந்த உடம்பு கண்கூடாக உருகத் தொடங்கியது 1975-ல். சாவு வந்தது 1983-ல். நடுவில் எட்டு வருடம். மேடையில், தொலைக்காட்சியில், பத்திரிகைப் படங்களில் எல்லாரும் பார்த்தார்கள். மறைவில் நடந்த காரியம் இல்லை. பிறகு ஏன் யாராலும் நிறுத்த முடியவில்லை? அம்மா, அண்ணன், கணவர், இசைத்தட்டு நிறுவனம் என்று ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துவைத்து நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குப் படுவது வேறு. கேரனைச் சுற்றி இருந்தவர்கள் அவர் நன்றாக இருக்கிறாரா என்று பார்க்க ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருந்தார்கள். அது அவருடைய குரல். கடைசி வரை அதில் பிசிறு தட்டவே இல்லை.

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த பெண்

கேரன் பிறந்தது 1950 மார்ச் 2-ல், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில். அண்ணன் ரிச்சர்ட் மூன்றரை வயது மூத்தவர். வீட்டில் மேதை என்றால் அது அண்ணன்தான். இதில் அப்பா அம்மாவுக்கும் சரி, கேரனுக்கும் சரி, சந்தேகமே இருந்ததில்லை. அவர் பியானோவே கதி என்று கிடக்க, தங்கை தெருவில் பையன்களோடு பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். 1963-ல் குடும்பம் நாட்டின் மறு கோடிக்கு, கலிபோர்னியாவின் டௌனி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முக்கியமான காரணம் ரிச்சர்டின் இசை எதிர்காலம். தங்கை மூட்டை முடிச்சோடு கூட வந்தார், அவ்வளவுதான்.

டௌனி உயர்நிலைப் பள்ளியில் காலை உடற்பயிற்சி வகுப்புக்கு டிமிக்கி கொடுக்க ஒரு வழி இருந்தது. அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட வேண்டும். கேரன் சேர்ந்தார். கையில் கொடுத்தது க்ளாக்கன்ஷ்பீல், அதாவது உலோகப் பட்டைகளைச் சின்னச் சுத்தியால் தட்டும் வாத்தியம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்வரிசையில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்று நின்றார். வீட்டில் முக்காலிகளை வரிசையாக வைத்து, சீனர்கள் சாப்பிடும் குச்சிகளால் தட்டிப் பழகினார். அறுபதுகளின் நடுவில் ஒரு பெண் டிரம்ஸ் அடிப்பது அமெரிக்காவிலும் வேடிக்கையான காட்சிதான்.

1966-ல் ஹாலிவுட் பௌல் அரங்கில் நடந்த குழுக்களின் போட்டியில் ரிச்சர்ட் கார்ப்பென்டர் ட்ரையோ பரிசு வாங்கியது. பியானோ அண்ணன், டிரம்ஸ் தங்கை, ட்யூபாவும் பேஸும் ஒரு நண்பர். குழுவின் பெயரிலேயே யார் தலைவர் என்பது இருக்கிறது. கேரன் அப்போது டிரம்மர். அவருக்குள் ஒரு குரல் இருக்கிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே தெரிந்தது. பதினாறு வயதுப் பெண்ணிடம் யாரும் எதிர்பார்க்காத கீழ் ஸ்தாயி அது. மேற்கத்திய இசையில் கான்ட்ரால்ட்டோ என்பார்கள். மேலே ஏறிக் கத்திப் பேர் வாங்குவது பாப் பாட்டில் வழக்கம். இவர் கீழே இறங்கினார். இறங்க இறங்கக் குரல் தடித்து, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுவதைப் போல ஆகிவிடும். சோகத்தைப் பிழிந்து தருகிற வேலையெல்லாம் கிடையாது. சொல்லைச் சுத்தமாக உச்சரித்துவிட்டு விலகி நிற்பார். அந்த அடக்கம்தான் கேட்பவரை என்னவோ செய்துவிடுகிறது.

1969 ஏப்ரலில் ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹெர்ப் ஆல்பர்ட் அண்ணன் தங்கை இருவரையும் ஒப்பந்தம் செய்தார். கார்ப்பென்டர்ஸ் என்பது இருவர் குழுவின் பெயர். கேரனுக்கு 19 வயது என்பதால் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அடுத்த வருடமே பர்ட் பேக்கரக்கும் ஹால் டேவிடும் எழுதிய 'க்ளோஸ் டு யூ' அமெரிக்கத் தரவரிசையில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. அதையடுத்து 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்'. இது முதலில் ஒரு வங்கியின் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு எழுதிய பாட்டு. ரிச்சர்ட் விளம்பரத்தில் கேட்டுவிட்டு, மீதிப் பாட்டு இருக்கிறதா என்று விசாரித்தார். கேரனின் குரலில் வந்த பிறகு அது ஒரு தலைமுறையின் கல்யாணப் பாட்டாகவே ஆகிவிட்டது. 1971-ல் புதுமுகத்துக்கான கிராமி உள்பட இரண்டு கிராமி விருதுகள். 1973-ல் ஜெர்மன் அதிபர் வில்லி பிராண்ட் வந்தபோது வெள்ளை மாளிகையில் கச்சேரி. இளைய அமெரிக்காவின் நல்ல முகம் இவர்கள்தான் என்று அதிபர் நிக்சன் பாராட்டினார். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் தெருவில் நின்ற காலத்தில் நிக்சன் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டு இவர்களுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பதைத் தனியாகவே எழுதலாம். ராக் விமர்சகர்கள் பல வருடங்கள் இவர்களைச் சர்க்கரைப் பாகு என்று தள்ளிவைத்ததற்கு இந்த நல்ல பிள்ளைத் தோற்றமும் ஒரு காரணம்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. கேரன் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியேதான் பாடிக்கொண்டிருந்தார். அவர் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கூட்டத்துக்கு டிரம்ஸ்தான் தெரிந்தது, பாடுபவர் தெரியவில்லை. முன்னால் வந்து நின்று பாட வேண்டும் என்று மேலாளர்களும் விமர்சகர்களும் சொன்னார்கள். வியாபாரத்தில் அது சரியான யோசனைதான். கேரனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. தன்னைப் பாடத் தெரிந்த டிரம்மர் என்றுதான் அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டார். 'க்ளோஸ் டு யூ' ஒலிப்பதிவிலேயே டிரம்ஸ் வாசித்தது ஹால் பிளெய்ன் என்ற ஸ்டூடியோ கலைஞர். பிறகு மேடையிலும் வேறொருவர் வந்தார். பிளேபாய் பத்திரிகையின் 1975 வாசகர் வாக்கெடுப்பில் லெட் ஜெப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனமையே முந்திய பெண்ணுக்கு, நிகழ்ச்சிக்கு நடுவே டிரம்ஸ் வாசிக்கச் சில நிமிடங்கள் ஒதுக்கினார்கள்.

இதை நோய்க்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் டிரம்ஸ் அவருக்கு ஒரு மறைப்பாகவும் இருந்தது. இடுப்பும் தொடையும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தன. மறைப்பை எடுத்த பிறகு ஆயிரக்கணக்கானோர் முன்னால் நீளமான கவுனில், கையில் மைக்கோடு, செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் நின்றார். ஆண்டுக்கு 150, 200 கச்சேரிகள் வரை.

66 கிலோவிலிருந்து

பதினேழு வயதில் கேரனின் எடை ஏறக்குறைய 66 கிலோ. மருத்துவரிடம் போய், அன்று பிரபலமாக இருந்த ஸ்டில்மன் டயட்டைப் பிடித்தார். மாவுச்சத்தைக் குறைத்து, புரதம் மட்டும் சாப்பிட்டு, நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்கும் முறை. எடை 54 கிலோவுக்கு இறங்கி, சில வருடங்கள் அங்கேயே நின்றது. அந்த உயரத்துக்கு அது நல்ல எடைதான். 1973 வாக்கில் தன் கச்சேரிப் படம் ஒன்றைப் பார்த்து வயிறு தெரிகிறதே என்று சங்கடப்பட்டார். உடற்பயிற்சிக்கு ஆள் வைத்தார். பயிற்சியால் தசை கூடி உடம்பு இன்னும் திரண்டதே தவிர மெலியவில்லை. ஆளை அனுப்பிவிட்டு, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினார். 1975 செப்டம்பரில் 41 கிலோ.

ஒரு விமர்சகர் குண்டுத் தங்கை என்று எழுதிய ஒற்றை வார்த்தைதான் அவரைக் கொன்றது என்று ஒரு கதை நெடுநாளாகச் சுற்றிவருகிறது. கேட்க வசதியான கதை. வில்லன் ஒருவன் கிடைத்துவிடுகிறான். நான் அதை நம்பவில்லை. ஒரு வார்த்தையால் ஒருவர் ஒரு வாரம் பட்டினி கிடக்கலாம், எட்டு வருடம் கிடக்க முடியாது.

இந்த நோயின் பெயரிலேயே ஒரு தப்பு இருக்கிறது. அனோரெக்சியா என்றால் பசியின்மை. 1870-களில் வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர் வைத்த பெயர். ஆனால் நோயாளிக்குப் பசி இல்லாமல் இல்லை, நன்றாகவே பசிக்கும். நாள் முழுக்க நினைப்பு சாப்பாட்டில்தான் இருக்கும். அந்தப் பசியை ஜெயித்துக் காட்டுவதில்தான் நோயே இருக்கிறது. கேரன் தட்டில் இருப்பதைப் பிரித்து மற்றவர்களுக்கு ருசிபார்க்கக் கொடுத்துக்கொண்டே, கடைசியில் தன் தட்டைக் காலியாக்கிவிடுவாராம். பார்ப்பவர்களுக்கு அது தாராள மனசு. எங்கு வாழ்வது, என்ன உடுத்துவது, எதைப் பாடுவது, எங்கே நிற்பது என்று எல்லாவற்றையும் யாராவது தீர்மானித்துக்கொண்டிருந்த வாழ்க்கையில், வாய்க்குள் என்ன போகிறது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. இப்படி நினைப்பது மனோதத்துவப் புத்தகங்களின் பொதுவான விளக்கம்தான். கேரன் விஷயத்தில் அது பொருந்துகிற அளவு பொருந்துகிறது, அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

1975-ல் எச்சரிக்கை மணி அடிக்கத்தான் செய்தது. டிக்கெட் விற்றுத் தீர்ந்திருந்த பிரிட்டன் சுற்றுப்பயணமும் ஜப்பான் பயணமும் ரத்தாகின. அவர் மேடைக்கு வந்ததும் கூட்டம் திடுக்கிட்டு மூச்சை இழுத்துக்கொண்ட கச்சேரிகள் உண்டு. வெளியே சொன்ன காரணம் களைப்பு. அம்மா வீட்டில் படுக்கவைத்து, தூங்கவைத்து, ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார்கள். எடை கொஞ்சம் ஏறியது. அடுத்த வருடம் மறுபடி சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு இதைவிட வேறு என்ன தெரிந்திருக்கும்? சாப்பிடாத பெண்ணைச் சாப்பிடச் சொல்வதுதான் உலகம் அறிந்த வைத்தியம். அள்ளித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா என்ற தனி நோய்க்கே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம் கிடைத்தது 1980-ல்தான்.

அண்ணன் கதையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே வருடங்களில் ரிச்சர்ட் தூக்க மாத்திரைக்கு அடிமையாகிக்கொண்டிருந்தார். மெத்தக்வலோன், அமெரிக்கத் தெருப் பேச்சில் க்வாலூட். 1978 வாக்கில் பியானோவில் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அந்த வருடம் செப்டம்பரில் லாஸ் வேகஸில் நடந்துகொண்டிருந்த கச்சேரித் தொடரைப் பாதியில் விட்டுவிட்டார். 1979 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்தின் மெனிஞ்சர் மருத்துவமனையில் சேர்ந்து, ஆறு வாரத்தில் மீண்டு வந்தார். விரல் நடுங்கினால் பியானோ வாசிக்க முடியாது, அதனால் வைத்தியம் நடந்தது. தங்கையின் நோய் தொண்டைக்கு வரவில்லை. 41 கிலோவிலும் அந்தக் குரல் அதே கனத்தோடு வந்தது. ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு குறையும் கேட்கவில்லை. பாட்டு சரியாக வந்துகொண்டிருக்கும் வரை, பாடுகிறவர் சரியாகத்தான் இருப்பார் என்று நினைப்பது எவ்வளவு இயல்பு!

நியூயார்க்

ரிச்சர்ட் சிகிச்சையிலும் ஓய்விலும் இருந்த 1979-ல் கேரன் தனியாக ஓர் ஆல்பம் செய்யப் புறப்பட்டார். நியூயார்க்கில், தயாரிப்பாளர் ஃபில் ரமோனோடு. முதல் முறையாக அண்ணன் இல்லாத ஒலிப்பதிவு, அண்ணன் எழுதாத இசைக்கோப்பு. 1980-ல் வேலை முடிந்து போட்டுக் காட்டியபோது ரிச்சர்டுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஆல்பம் அலமாரிக்குள் போனது. அது கடைக்கு வந்தது 1996-ல், கேரன் இறந்து பதின்மூன்று வருடம் கழித்து. நான் கேட்டிருக்கிறேன். அற்புதம் என்று சொல்ல மாட்டேன். டிஸ்கோ காலத்துத் தாளங்களுக்கு நடுவே அவர் குரல் கொஞ்சம் இரவல் சட்டை போட்டதைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வயதில் ஒருத்தர் தானாகத் தேர்ந்தெடுத்த முதல் காரியம் அது. சுமாராக இருந்தாலும் வெளியிட்டிருக்கலாம்.

1980 ஆகஸ்ட் 31-ல் பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் ஆடம்பரமாகக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ரியல் எஸ்டேட் தொழில் செய்பவர். கேரனுக்குக் குழந்தைகள் என்றால் உயிர், கணவர் முன்பே கருத்தடை அறுவை செய்துகொண்டவர். பதினான்கு மாதத்தில் பிரிந்தார்கள். இதற்கு மேல் எனக்குத் தேவையில்லை.

அதே 1981-ல் புது ஆல்பத்துக்காக லண்டன் போனபோது, பிபிசி தொலைக்காட்சியின் பேட்டியில் நேரடியாகவே கேட்டார்கள்: உடம்பை இளைக்கவைக்கும் அந்த நோய் உங்களுக்கு இருந்ததா? கேரன் முகம் கடுத்தது. இல்லை, வெறும் களைப்புதான் என்றார். அந்தப் பதிவை இன்றும் பார்க்கலாம். கேள்வி கேட்டவரிடம் நோயின் பெயர் இருக்கிறது, பதில் சொன்னவரிடம் 1975-ல் கொடுத்த அதே பதில் இருக்கிறது. இத்தனைக்கும் பாடகர் பேட் பூனின் மகள் செரி பூன் ஓநீல் இந்த நோயிலிருந்து மீண்டவர் என்று தெரிந்து, கேரனே அவரைத் தேடிப் பேசியிருக்கிறார். உள்ளே தெரிந்திருந்தது. வெளியே சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

1982 ஜனவரியில் அவராகவே நியூயார்க் போய், ஸ்டீவன் லெவன்க்ரான் என்ற மனநல ஆலோசகரிடம் சேர்ந்தார். இந்த நோயைப் பற்றி இளைஞர்களுக்கு நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். அவர் மருத்துவர் அல்ல. ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, வாரத்துக்கு ஐந்து நாள் ஒரு மணி நேரம் பேச்சுச் சிகிச்சை. அங்கேதான் சில விஷயங்கள் வெளியே வந்தன. இரவில் எண்பது, தொண்ணூறு பேதி மாத்திரைகள் விழுங்கிவந்தார். தைராய்டில் கோளாறு இல்லாமலே, வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்.

பேதி மாத்திரை எடையைக் குறைக்காது. அது வேலை செய்வது பெருங்குடலில். சத்தெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்புக்குள் போய்விட்டிருக்கும். வெளியேறுவது தண்ணீரும் உப்புகளும்தான், அதிலும் பொட்டாசியம். இதயம் ஒழுங்கான தாளத்தில் துடிக்க ரத்தத்தில் பொட்டாசியம் ஒரு குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். தைராய்டு மாத்திரையோ அதே இதயத்தை விரட்டி ஓடவைக்கிறது. பட்டினியில் உடம்பு தன் தசையைத் தானே தின்னும். இதயமும் தசைதான், அதுவும் மெலியும். மெலிந்த மாட்டைச் சாட்டையால் அடித்து, தண்ணியும் காட்டாமல் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? அவர் இதயத்துக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் தலைசுற்றலும் தாறுமாறான துடிப்புமாக நியூயார்க்கில் மருத்துவமனையில் சேர்த்தபோது எடை நாற்பது கிலோவுக்கும் கீழே. வாய்வழி சாப்பாட்டை நம்பாமல், இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வழியே நேரடியாகச் சத்து ஏற்றினார்கள். சில வாரங்களில் பதிமூன்று, பதினான்கு கிலோ கூடியது. நவம்பரில் கிளம்பும்போது, தானே பூத்தையல் போட்ட ஒரு துணியைச் சட்டமிட்டு ஆலோசகருக்குப் பரிசாகக் கொடுத்தார். அதில் இருந்த வாசகம்: ஜெயித்தது நீங்கள், கூடியது நான். நல்ல மாணவி பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதைப் போல இருக்கிறது எனக்கு. குணமாகிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. ஜனவரியில் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 17-ல் ஒரு பள்ளிக்கூடத்தில், தன் ஞானக் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார். பொது இடத்தில் அவர் பாடியது அதுவே கடைசி.

பிப்ரவரி 4

1983 பிப்ரவரி 3 இரவு டௌனியில் அப்பா அம்மா வீட்டில், தன் பழைய அறையில் தங்கினார். மறுநாள் வெள்ளிக்கிழமை விவாகரத்துப் பத்திரங்களில் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் அம்மா மாடிக்குப் போனபோது துணி அலமாரி அறையின் தரையில் கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது நாடி மிக மெதுவாக இருந்தது. மருத்துவமனையில் 9:51-க்கு மரணம் உறுதி செய்யப்பட்டது.

அப்போது எடை 49 கிலோ. இந்த வழக்கில் பலர் கவனிக்காமல் கடந்துபோகிற எண் இது. எலும்பும் தோலுமாக இருந்தபோது அவர் சாகவில்லை. மெலிந்த உடம்போடு சுற்றுப்பயணம் போனார், கல்யாணம் செய்துகொண்டார், ஆல்பம் முடித்தார். செத்தது, பரவாயில்லை, முகத்தில் களை வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்ல ஆரம்பித்த பிறகு. எட்டு வருடம் தேய்ந்த இதயம் எட்டு வாரச் சத்து ஊசியில் புதிதாகிவிடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு வேகமாகச் சத்து ஏற்றினால் இதயம் தடுமாறும் என்பதை இரண்டாம் உலகப் போர்க் கைதிகளிடமே மருத்துவர்கள் பார்த்துவிட்டார்கள். கேரனின் சாவு மருத்துவமனையை விட்டு இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து வந்தது, ஆகவே அதை நேரே இதில் சேர்க்க முடியாது. கூடிய எடை இதயத்துக்குக் கூடுதல் சுமை, அவ்வளவு சொல்லலாம்.

அறிக்கை கைகாட்டிய இன்னொரு பொருள் எமெட்டீன். இப்பிக்காக் என்ற தென் அமெரிக்கச் செடியின் வேரில் இருப்பது. அந்த வேரிலிருந்து செய்யும் சிரப், குழந்தைகள் விஷத்தைக் குடித்துவிட்டால் உடனே வாந்தி எடுக்கவைக்க. அமெரிக்காவில் 1965-லிருந்து சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் சின்ன பாட்டிலாகக் கிடைத்தது. வீட்டுக்கு ஒன்று வாங்கி வையுங்கள் என்று குழந்தை மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். ஒரு தடவை குடித்தால் பெரிய தொல்லை இல்லை. தினம் குடித்தால், எமெட்டீன் உடம்பை விட்டு வெளியேறுவதற்குள் அடுத்த வேளை வந்து சேர்ந்து, இதயத் தசையில் படிந்து, தசை புரதம் கட்டுவதையே தடுத்துவிடும். கேரன் அதைக் குடித்தார் என்பதை அண்ணனும் அம்மாவும் ஏற்கவே இல்லை. வாந்தியில் ஏறும் அமிலம் தொண்டையை அரித்துவிடும், குரலுக்குக் கேடான காரியத்தை அவள் செய்திருக்க மாட்டாள் என்பது அண்ணனின் வாதம். கவனியுங்கள், சாட்சி சொல்ல இங்கேயும் குரலைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம்

முதல் சில மாதங்களில் நடந்தது, ஒரு நோய்க்கு முகம் கிடைத்தது. பத்திரிகை அட்டைகளில் கேரனின் படத்தோடு அனோரெக்சியா என்ற சொல் அச்சேறியது. அதுவரை மகள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று புரியாமல் தவித்த பெற்றோருக்கு மருத்துவரிடம் சொல்ல ஒரு வார்த்தை வந்தது. அடுத்தடுத்த வருடங்களில் பிரபலங்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல ஆரம்பித்தார்கள். இளவரசி டயானா தன் புலிமியாவைப் பற்றி 1995-ல் பேசியது, கேரன் களைப்பு என்று சொல்லி மழுப்பிய அதே பிபிசி தொலைக்காட்சியில். இப்பிக்காக் விஷயத்துக்குத்தான் இருபது வருடம் ஆனது. விஷம் குடித்த குழந்தைகளுக்கும் அதனால் பெரிய பலன் இல்லை, உணவுக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற காரணங்களோடு, அதை வீட்டில் வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவித்தது 2003-ல்.

மரியாதைகளும் வந்தன. 1983 அக்டோபரில் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம். 1994-ல் இருவரும் படித்த லாங் பீச் பல்கலைக்கழகத்தில் அவர்கள் பெயரில் ஓர் அரங்கம். எண்பதுகளின் பிற்பகுதியில் டாட் ஹெய்ன்ஸ் என்ற இளம் இயக்குநர் பார்பி பொம்மைகளை வைத்து கேரனின் கதையைப் படமாக்கினார். நோய் முற்ற முற்ற பொம்மையின் பிளாஸ்டிக் முகத்தைக் கத்தியால் செதுக்கிக்கொண்டே போனாராம். பாட்டுகளுக்கு அனுமதி வாங்கவில்லை என்று ரிச்சர்ட் வழக்குப் போட, படம் முடங்கியது. குடும்பத்தின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் பொம்மை என்ற யோசனையை மறக்க முடியவில்லை.

விமர்சகர்கள் மனசு மாற இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. 1994-ல் சோனிக் யூத் உள்பட இரைச்சல் ராக் குழுக்கள் சேர்ந்து கார்ப்பென்டர்ஸ் பாட்டுகளைப் பாடி ஒரு காணிக்கை ஆல்பம் போட்டார்கள். சர்க்கரைப் பாகு என்று கேலி செய்தவர்களின் தம்பிகள் இவர்கள். அடுத்த வருடம் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கேரனின் பாட்டு ஒலித்து, தொகுப்பு ஆல்பம் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் நிறையப் பேர் அவர் இறந்தபோது கைக்குழந்தைகள்.

ரிச்சர்ட் 1983 கடைசியில் தங்கையின் மிச்சப் பதிவுகளைத் தொகுத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் பல பாட்டுகளில் கேட்பது மாதிரிக் குரல். வாத்தியக்காரர்களுக்கு வழி காட்ட, சும்மா ஒரு தடவை பாடிவைப்பது. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்த பிறகு பாடகர் வந்து நிதானமாக மறுபடி பாடுவார், பழையது அழிந்துவிடும். 'நவ்' என்ற பாட்டும் அப்படித்தான். 1982 ஏப்ரலில், நியூயார்க் சிகிச்சைக்கு நடுவே ஊருக்கு வந்திருந்தபோது, ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனார். நன்றாகப் பாடுவதற்கு அப்புறம் வருவதாக இருந்தது.